கெடாத பண்டத்துக்கு முதலாளி எதற்கு?

சேலத்துக்காரர்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபோனால், வீடும் பள்ளிக்கூடமும் பார்த்து முடித்த கையோடு தேடுவது தட்டுவடை செட்டுக் கடையைத்தான். இப்போதெல்லாம் அந்தத் தேடல் வீணாவதில்லை. கோவையிலும் ஈரோட்டிலும் சென்னையிலும் ‘சேலம் தட்டுவடை செட்’ என்று எழுதிய தள்ளுவண்டிகள் நிற்கின்றன. சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேட்டூரிலும், அனல்மின் நிலையத்திலிருந்தும் ரசாயன ஆலையிலிருந்தும் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வீடு திரும்புகிற வேளையில் செட்டு வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. இந்த வண்டிகளுக்குத் தலைமை அலுவலகம் இல்லை. ஒரு வண்டிக்காரருக்கும் இன்னொருவருக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் தட்டுவடையின் அளவும், இரண்டு நிறச் சட்னியும், பீட்ரூட் துருவலும் ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் பெரும் பணம் செலவழித்து, கண்காணிப்பாளர்களை வைத்துக் காப்பாற்றும் ஒருமை இது. அது இங்கே யாருடைய உத்தரவும் இல்லாமல் எப்படி வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் பண்டத்தைப் பார்ப்போம்; விடை அதற்குள்தான் இருக்கிறது. அரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு, ஊறவைத்த கடலைப்பருப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை, கொஞ்சம் எள். இவற்றைக் கெட்டியாகப் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, இரண்டு தாள்களுக்கு நடுவில் வைத்துக் கிண்ணத்தின் அடியால் அழுத்தினால் தட்டுவடை. பூரிபோல் உப்பிவிடாமல் இருக்க முள்கரண்டியால் குத்துவார்கள். நிதானமான தீயில், எண்ணெயின் சலசலப்பு அடங்கும்வரை வேகவிட வேண்டும். மாவிலிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும் ஓசைதான் அந்தச் சலசலப்பு. அது அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சை பிடிக்காது. காற்றுப் புகாத டின்னில் அடைத்துவைத்தால் இரண்டு வாரம் தாராளமாக நிற்கும். அதற்கு மேல் போனால் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும், அவ்வளவுதான்.

செட்டு என்பது இதற்கு அடுத்த கட்டம். ஒரு தட்டுவடையின் மேல் பூண்டும் மிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னி, கொத்தமல்லியும் புதினாவும் அரைத்த பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், சீசனாக இருந்தால் மாங்காய். அதன் மேல் இன்னொரு தட்டுவடை. ஒரு தட்டில் நான்கைந்து இருக்கும். “அக்கா, காரம் கம்மியா ஒரு செட்டு” என்றால் அதற்கேற்றபடி கை மாறும். இதையே நொறுக்கிப் போட்டால் நொறுக்கல். பொரி சேர்த்தால் பொரி செட்டு. முறுக்கு வைத்தால் முறுக்கு செட்டு. வேகவைத்த நாமக்கல் முட்டையை அரிந்து உள்ளே வைத்தால் முட்டை செட்டு. எந்த வகையானாலும் போட்ட சில நிமிடங்களுக்குள் தின்றுவிட வேண்டும். தாமதித்தால் சட்னியின் ஈரம் ஏறி மொறுமொறுப்பு போய்விடும். ஆக, இந்தத் தீனிக்கு இரண்டு பாதிகள். ஒன்று வாரக்கணக்கில் கெடாதது. எங்கோ ஒரு வீட்டில் செய்து எவ்வளவு தூரத்துக்கும் அனுப்பலாம். மற்றது சில மணி நேரமே தாங்குவது. வண்டிக்காரரே அன்றன்று அரைத்து, துருவி, கண்ணெதிரே சேர்க்க வேண்டியது.

பர்கரின் அமைப்பும் மேலோட்டத்தில் இதுதான்: மேலும் கீழும் ஒரு மூடி, நடுவில் காரசாரம். ஆனால் பர்கரில் இரண்டு பாதியுமே கெடக்கூடியவை. இந்த ஒரு வேறுபாடு இரண்டு நாடுகளில் இரண்டு விதமான தொழிலை உருவாக்கியிருக்கிறது.

பிலிப்பைன்ஸை எடுத்துக்கொள்வோம். 1975இல் டோனி டான் கக்தியோங் என்ற இளைஞர் மணிலாவை ஒட்டிய கெசோன் நகரின் குபாவோ பகுதியில் மக்னோலியா ஐஸ்கிரீம் விற்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து குடியேறிய குடும்பம் அவருடையது. கடைக்கு வந்தவர்கள் சூடாகச் சாப்பிட ஏதாவது கேட்டார்கள். வேண்டுகோளுக்காக வைத்த பர்கர், ஐஸ்கிரீமைவிட அதிகமாக விற்றது. 1978இல் அது ஜாலிபீ என்ற நிறுவனமாகியது. 1981இல் மெக்டொனால்ட்ஸ் மணிலாவுக்கு வந்தபோது ஜாலிபீயின் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. முடியவில்லை. உள்ளூர் நாக்குக்கேற்ற இனிப்புச் சுவையோடு அது பர்கரும் ஸ்பெகட்டியும் செய்தது. சோற்றோடு வறுத்த கோழியும் பரிமாறியது. 1993இல் பங்குச்சந்தைக்குப் போனது. இன்று அந்த நாட்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள்.

ஜாலிபீ நடுத்தரக் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துப் போகிற இடம். அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. நமக்கு முக்கியமானது அதுதான். 1981இல் தொடங்கிய பர்கர் மெஷின், பிறகு மினிட் பர்கர், ஏஞ்சல்ஸ் பர்கர் போன்றவை சாலையோரச் சிறு கூண்டுக் கடைகளாகப் பரவின. உட்கார இடம் இல்லை, இருந்தால் இரண்டு முக்காலி. ஜீப்னி என்னும் பயணிகள் வண்டி நிற்கும் இடம், கல்லூரி வாசல், இரவு வேலை முடிந்து ஆட்கள் இறங்கும் முனை என்று பார்த்து வைப்பார்கள். பல கடைகள் விடியவிடியத் திறந்திருக்கும். ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்பது அங்கே பழகிப்போன விற்பனை முறை. இதன் கணக்கை யோசித்துப் பார்க்கலாம். பர்கருக்குள் வைக்கும் இறைச்சி வட்டு ஒன்றைச் சுட்டாலும் இரண்டைச் சுட்டாலும் அடுப்புக்கும் ஆள்கூலிக்கும் இடவாடகைக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. கூடுவது ரொட்டியும் இறைச்சியும்தான். மலிவு வட்டுகளில் சோயாவும் ரொட்டித்தூளும் சேர்ப்பதால் அதுவும் பெரிதாகக் கூடாது. வாங்குபவர் இரண்டாவதை நண்பருக்குக் கொடுக்கிறார் அல்லது வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ஒரு ஆள் செலவழித்த காசில் இரண்டு ஆட்களுக்குப் பழக்கம் ஏற்படுகிறது.

ஆனால் அந்தக் கூண்டுக்குள் நிற்பவரால் தனியாக எதையும் செய்துவிட முடியாது. ரொட்டி இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். இறைச்சி வட்டு உறைநிலையில் இருந்தாக வேண்டும். இரண்டையும் நாள் தவறாமல் கொண்டுவந்து சேர்க்க ஒரு மையச் சமையலகம், குளிர்வண்டி, கிடங்கு, கணக்கு எல்லாம் வேண்டும். மையத்தைக் கையில் வைத்திருப்பவர்தான் விலையை முடிவு செய்வார், பெயரை வாடகைக்கு விடுவார், கடைக்காரர் யாரிடம் வாங்க வேண்டும் என்று சட்டம் போடுவார். வெளிநாட்டில் உழைத்த சேமிப்பைப் போட்டு ஒரு கூண்டை எடுத்து நடத்தும் சிறு முதலீட்டாளருக்கு மிஞ்சுவது நிலையான பொருள்வரத்தும் தெரிந்த பெயரும். அதோடு வியாபாரம் படுத்தால் வரும் நட்டமும். இங்கிருந்து நான் எட்டும் முடிவு இது: உணவுத் தொழிலில் முதலாளி உருவாவது பெரும்பாலும் பண்டம் சீக்கிரம் கெட்டுப்போவதால்தான். கெடுவதற்கு முன் கொண்டு சேர்க்கும் சக்தி யாரிடம் இருக்கிறதோ, தொழில் அவர் கைக்குப் போகிறது.

இந்த முடிவை மற்ற இடங்களில் வைத்துப் பார்க்கலாம். மும்பை வடா பாவின் பிறப்பிடமாகச் சொல்லப்படுவது 1966இல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா போட்ட கடை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது வண்டித் தொழிலாகவே இருந்தது. 2001இல் ஜம்போகிங், 2004இல் வெங்கடேஷ் ஐயர் கல்யாணில் தொடங்கிய கோலி வடா பாவ் ஆகியவை அதைச் சங்கிலித் தொடராக்க முனைந்தன. கையால் செய்த வடை கடைக்குக் கடை அளவும் சுவையும் மாறியது, மீந்தது வீணானது. ஆலையில் இயந்திரத்தில் செய்து உறையவைத்து அனுப்பத் தொடங்கிய பிறகுதான் கோலி வேகமாகப் பரவியது. உருளைக்கிழங்கு வடை ஈரமானது, கெடுவது. அதைத் தூரத்துக்கு அனுப்ப உறைநிலை வேண்டும்; உறைநிலைக்கு முதல் வேண்டும். மெக்டொனால்ட்ஸ் 1996 அக்டோபரில் தில்லியில் முதல் கடையைத் திறப்பதற்கு முன்பே கீரை, ரொட்டி, உருளைக்கிழங்கு வட்டு ஆகியவற்றுக்கான குளிர்சங்கிலியை அமைக்கப் பல ஆண்டுகள் செலவிட்டதும் இதே காரணத்தால்தான்.

மலேசியாவில் நம் உறவினர்கள் ராம்லி பர்கரை நன்றாக அறிவார்கள். ராம்லி மொக்னி 1979இல் தொடங்கிய தொழில் அது. ஹலால் இறைச்சியில் வட்டு செய்து விற்பது அவர் வேலை. கடை வைப்பது அவரவர் பாடு. தெருமுனையில் குடைக்குக் கீழே வண்டி போட்டவர் அந்த வட்டை வாங்கி, கல்லில் சுட்டு, முட்டையில் சுருட்டி, தன் கைப்பக்குவத்தில் சாறு ஊற்றித் தருவார். வண்டிக்காரருக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் உறைந்த வட்டு ஒரே ஆலையிலிருந்து வருவதால் பெயரும் பெரும் லாபமும் ஆலைக்கு. பிலிப்பைன்ஸ் முறைக்கும் சேலத்து முறைக்கும் நடுவே நிற்கிறது இது.

இனிச் சேலத்துக்கு வருவோம். தட்டுவடை செட்டைக் கண்டுபிடித்தவர் இன்னார் என்று ஊர் ஒத்துக்கொண்ட பெயர் எதுவும் கிடையாது. கடைகள் அடர்ந்திருக்கும் இடங்களைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை ஆகியவை தறி ஓடிய பகுதிகள்; செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளும் கொலுசு வேலையும் நடக்கும் இடம். நெசவாளியும் பட்டறைத் தொழிலாளியும் வீட்டிலோ வீட்டுக்குப் பக்கத்திலோ மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். கூலி வாரத்துக்கு வாரம் கைக்கு வரும். நாலு மணிக்கு மேல் பசிக்கும். சாப்பாடு சாப்பிடும் பசி அல்ல. சின்னக் காசுக்கு, காரமாக, வாய்க்கு வேலை கொடுக்கிற ஒன்று வேண்டும். அரிசியும் பருப்பும் மிளகாயும் மொத்தமாகக் கைமாறும் லீ பஜார் செவ்வாய்ப்பேட்டையிலேயே இருக்கிறது. மாவு பிசையத் தெரிந்த பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். தட்டுவடையைச் சுட்டு எடைபோட்டு வண்டிகளுக்குத் தருவது வீட்டுத் தொழிலாகியது. தட்டிப் போடுவது ஒரு வீட்டில், சட்னி அரைப்பது இன்னொரு வீட்டில், விற்பது மூன்றாமவர். நடுவில் கிடங்கும் இல்லை, குளிர்பெட்டியும் இல்லை. கெடாத பண்டத்துக்கு அவை தேவைப்படவில்லை. அவற்றை வைத்திருக்கும் முதலாளியும் தேவைப்படவில்லை.

சேலத்திலிருந்து மேட்டூர்ப் பக்கம் வருகிற வழிகளில் தாரமங்கலம், ஜலகண்டாபுரம், வனவாசி என்று மறுபடியும் தறி ஊர்கள். செட்டு இந்த வழியாக ஒவ்வொரு ஊராக இறங்கி வந்திருக்கும் என்பது என் கணிப்பு. வண்டி போட நினைக்கும் ஒருவர் மாமன் மச்சான் வண்டியில் கொஞ்ச நாள் நின்று கை பழகுகிறார். சட்னியின் பதம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. பிறகு சேலத்திலிருந்து தட்டுவடையை மூட்டையாகப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை. ஒரு தள்ளுவண்டி, ஒரு துருவுகட்டை, நான்கு எவர்சில்வர் டப்பா, மிக்ஸி. அடுப்புகூடத் தேவையில்லாத தெருவோரச் சாப்பாடு தமிழ்நாட்டில் அதிகம் கிடையாது. அடுப்பு இல்லாததால் எரிவாயுச் செலவு இல்லை. ஓரிரு மணி நேரம் நின்றாலும் நட்டமில்லை. விற்காமல் மீந்த தட்டுவடை மறுநாளுக்கு ஆகும். அன்றைய சட்னியும் துருவலும் மட்டுமே இழப்பு. பர்கர் கூண்டுக்காரருக்கு இல்லாத பாதுகாப்பு இது. பெண்கள் பலர் துணிந்து தனியாக வண்டி நடத்த முடிவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான பண்டமும் மேட்டூரிலேயே இருக்கிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி என்று மீன் கிடைக்கிறது. அணைப் பூங்காவைச் சுற்றியுள்ள கடைகளில் அதை மசாலா தடவி, கேட்டபின் கண்ணெதிரே பொரித்துத் தருவார்கள். ஆடிப்பெருக்கன்று காவிரியில் குளித்து, முனியப்பனைக் கும்பிட்டு வருகிறவர்கள் மீன் சாப்பிடாமல் திரும்புவது அரிது. இவ்வளவு பேர் வாங்கியபோதும் மேட்டூர் மீன் வறுவல் ஒரு சங்கிலித் தொடராகி சென்னைக்குப் போகவில்லை. மீன் சில மணி நேரத்தில் கெடுகிறது. அணையில் நீர் குறைந்தால் வரத்து மாறுகிறது. அணை மீன் என்பதுதான் அதன் மதிப்பு; பனிக்கட்டியில் வைத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுபோனால் அந்த மதிப்பு போய்விடும். ஆகவே ஆட்கள் மீனிடம் வருகிறார்கள். தட்டுவடையோ ஆட்களிடம் போகிறது. ஒரே ஊரில், ஒரே சாயங்காலத்தில் இரண்டையும் பார்க்கலாம்.

மலிவு உணவைச் சங்கிலித் தொடராகத் தமிழ்நாட்டில் மிக வேகமாகப் பரப்பியது அரசுதான் என்பதையும் சொல்ல வேண்டும். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லியும், ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதமும் கொடுத்தது. பிறகு மற்ற மாநகராட்சிகளுக்கும் போனது. மானியம் இல்லாமல் அந்த விலை சாத்தியமில்லை. ஆனால் அதில் கவனிக்க வேண்டியது, சமைத்தவர்கள் அந்தந்த ஊர் சுய உதவிக் குழுப் பெண்கள் என்பது. உணவு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக ஒரே ஆலையில் சமைக்க வேண்டியதில்லை என்று அது காட்டியது.

தட்டுவடைத் தொழிலுக்கு இப்போது இரண்டு பக்கமிருந்து அழுத்தம் வருகிறது. ஒன்று, உரிம முறை. தேநீர்க் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் வந்ததுபோல, பெயர்ப்பலகையோடு வண்டியும் பொருளும் தருகிறோம், இவ்வளவு முதல் போடுங்கள் என்ற அழைப்பு செட்டுக்கும் வருகிறது. தட்டுவடையை மட்டும் வைத்து யாரும் வண்டிக்காரரைக் கட்டிப்போட முடியாது; அதை எங்கும் வாங்கலாம். ஆனால் பாதுகாப்பான் சேர்த்த சட்னி பாக்கெட்டில் வரத் தொடங்கினால் கதை வேறு. கெடுகிற பாதியும் வெளியிலிருந்து வரும் நாளில் வண்டிக்காரரின் கைக்கு வேலை இல்லாமல் போகும். சட்னி தருபவர் முதலாளியாவார். நான் இந்த மாற்றத்தை விரும்பவில்லை. வண்டிக்கு வண்டி சட்னி கொஞ்சம் மாறுவதை ஒரு குறையாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மாறுதலில்தான் ஒரு குடும்பத்தின் வருமானம் இருக்கிறது.

இன்னொரு அழுத்தம் நியாயமானது: சுகாதாரம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் நச்சுச் சேர்மங்கள் கூடுகின்றன. எண்ணெயில் அவற்றின் அளவுக்கு 25 சதவீத வரம்பை வைத்த விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் பொரிப்பவர்களிடம் அதை அளக்கும் கருவி இல்லை. பயன்படுத்திய எண்ணெயை யாரிடம் கொடுப்பது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பச்சையாகத் தின்னும் துருவலையும் கொத்தமல்லியையும் கழுவச் சுத்தமான தண்ணீர் வேண்டும். பல வண்டிகள் நிற்கும் இடத்தில் குழாய் இல்லை. வண்டிக்காரர்கள் விதியை ஏற்காதவர்கள் அல்ல. 2019 ஜனவரி முதல் தேதி பிளாஸ்டிக் தடை வந்ததும் பாக்குமட்டைத் தட்டுக்கும் காகிதத்துக்கும் மாறிய வண்டிகளை எல்லா ஊரிலும் பார்த்தோம். வசதி கிடைத்தால் மாறுவார்கள்.

சட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2014 தெரு வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் நாற்பது சதவீத இடம் வியாபாரிகளுக்கு, அந்த இடங்களில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. உணவுப் பாதுகாப்புத் துறையின் 2011 விதிகள் சிறு உணவுத் தொழிலுக்கு ஆண்டுக்கு நூறு ரூபாயில் பதிவு செய்ய வழி செய்தன. 2020இல் வந்த ஸ்வநிதித் திட்டம் முதல் கடனாகப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தது. ஆனால் இவை பெரும்பாலும் வண்டியையே பார்க்கின்றன. வண்டிக்குப் பின்னால், அடுப்படியில் உட்கார்ந்து தட்டிப் போடும் பெண்ணைத் தொழில்முனைவோராகக் கணக்கில் எடுப்பது அரிது. தொழிலின் முதுகெலும்பு அவர்.

அவரை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதற்கு முன்மாதிரி தேடி மணிலாவுக்குப் போக வேண்டாம். சேலம், நாமக்கல் வட்டாரத்திலேயே இரண்டு இருக்கின்றன. மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சிறு ஆலைகள் தனித்தனியாக வியாபாரிகளிடம் விலையிழந்து கொண்டிருந்த நிலையில் 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் உருவானது. ஆலைகள் அவரவர் கையில் இருந்தன. தரம் பார்ப்பதும் ஏலம் விடுவதும் சங்கத்தின் பொறுப்பானது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முட்டையில் 1982இல் பண்ணையாளர்கள் சேர்ந்து தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தார்கள்; நாமக்கல் முட்டை விலை அதன் அறிவிப்பாகவே ஒவ்வொரு நாளும் செய்தியில் வருகிறது. ஜவ்வரிசியும் தட்டுவடைபோலக் காய்ந்த பண்டம், பல கைகளில் உருவாவது. அதற்குச் செய்ய முடிந்தது இதற்கும் முடியும்.

சேலம் மாவட்ட நிர்வாகம் தட்டுவடை சுடும் வீட்டுப் பெண்களையும் செட்டு வண்டிக்காரர்களையும் ஒரே கூட்டுறவில் சேர்க்க வேண்டும். மாவும் எண்ணெயும் மொத்த விலையில் வாங்கித் தருவது, பயன்படுத்திய எண்ணெயைத் திரும்ப எடுத்துக்கொள்வது, தட்டுவடையின் தரத்துக்கு ஒரு முத்திரை கொடுப்பது ஆகியவை அந்தச் சங்கத்தின் வேலையாக இருக்கட்டும். சட்னியின் பக்குவத்தை வண்டிக்காரரிடமே விட்டுவிடலாம். மேட்டூர் நகராட்சி செய்ய வேண்டியது இன்னும் சிறியது: வண்டிகள் நிற்கும் இடங்களில் குடிநீர்க் குழாய், கை கழுவும் இடம், வெளிச்சம். உரிமக்காரர்கள் வந்து பெயர்ப்பலகைகளை நட்டுவிட்ட பிறகு கூட்டுறவு பேசிப் பயனில்லை. இந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.